எழுதியவர் உரிமையும் படிப்பவர் அந்தரங்கமும்

இளமையில் இலக்கிய ஆர்வம் பிறந்துவிட்டால், அது வெளிவர ஒரு வழி தேடிக்கொள்ளும். முன்னாளில் மாணவர்க்கு அந்த வழி கையெழுத்துப் பத்திரிகையாக இருந்தது. கையெழுத்து அழகாக உள்ள ஒருவர் எழுதுவார். படம் வரையத் தெரிந்த ஒருவர் அட்டை தீட்டுவார். இருப்பதோ ஒரே படி. அது விடுதியில் அறை அறையாகச் சென்று, ஓரம் மடங்கி, தேநீர்க் கறையோடு ஆசிரியரிடம் திரும்பி வரும். இன்று அதே ஆர்வம் இணையதளமாக மலர்கிறது. சில நூறு ரூபாயும் இரண்டு மாலைப்பொழுதும் இருந்தால் ஒரு மாணவர் தம் பெயரில் ஓர் இலக்கியத் தளம் தொடங்கிவிடலாம். நம் சங்கத்து நண்பர்கள் சிலரும் தொடங்கியிருக்கிறார்கள். நானும் ஒன்று நடத்தி வருகிறேன்.

தமிழ் வழங்கும் நிலத்தைவிட்டு வந்து பயிலும் நமக்கு இத்தகைய தளங்களின் அருமை நன்கு தெரியும். இங்குள்ள கடைத்தெருவில் தமிழ்ப் புத்தகம் தேடினால் கிடைப்பது அரிது. விடுமுறையில் ஊருக்குச் சென்றவர் பெட்டியில் வைத்துக்கொண்டு வரும் நாலைந்து நூல்களே ஆண்டு முழுவதும் கைமாறுகின்றன. ஆகவே இலக்கியத் தளங்கள் பெருக வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பெருகும் வேகத்தில் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே படி. அதைப் படித்தவர் யார் யார் என்று அது குறித்து வைத்ததும் இல்லை. இணையதளமோ ஒரு நொடியில் ஆயிரம் படியாகும். படிப்பவரைக் குறித்தும் வைக்கும். முன்னதால் இழப்பவர் எழுதியவர். பின்னதால் இழப்பவர் படிப்பவர். இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இரண்டிலும் குற்றம் ஒன்றே: பிறர் பொருளைக் கேளாமல் எடுத்தல்.

முதலில் எழுதியவர் பக்கத்தைப் பார்ப்போம். அவருடைய உரிமைக்குப் பதிப்புரிமை என்று பெயர். நம்மில் பலர் இதனைக் காப்புரிமை என்றே சொல்லிவிடுகிறோம். காப்புரிமை என்பது புதிய கருவியையும் செய்முறையையும் கண்டுபிடித்தவருக்கு உரியது. கதைக்கும் கவிதைக்கும் உரியது பதிப்புரிமையே. நம் நாட்டில் இதனை ஆள்வது 1957 ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி, ஒருவர் ஒரு கதையை எழுதி முடித்த அக்கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வட்டத்துக்குள் எழுத்திட்ட அடையாளம் போட வேண்டியதும் இல்லை. அடையாளம் இல்லாத கவிதையை அநாதைக் கவிதை என்று எண்ணி எடுத்துப் போடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்த உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும் உண்டு; அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் மேலும் உண்டு. சுந்தர ராமசாமி 2005 இல் மறைந்தார். கணக்கு 2006 இல் தொடங்கி 2065 ஆம் ஆண்டின் இறுதியில் முடியும். இன்று அவருடைய நாவலை முழுவதும் தட்டச்சு செய்து தன் தளத்தில் ஏற்றும் மாணவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவசரப்படுகிறார்! சங்கப் பாடல்களோ எவருக்கும் தனிச்சொத்து அல்ல. உ. வே. சாமிநாதையர் 1942 இல் மறைந்தார். ஆகவே அவர் எழுதிய முன்னுரைகளும் குறிப்புகளும் 2002 ஆம் ஆண்டோடு உரிமைக் காலத்தைக் கடந்துவிட்டன. ஆனால் அதே பாட்டுக்கு இன்று வாழும் பேராசிரியர் ஒருவர் எழுதிய உரை அவருக்கே உரியது. பாட்டு பழையது என்பதால் உரையும் பழையதாகிவிடாது. மொழிபெயர்ப்புக்கும் இதே நெறிதான். வங்காளிக் கதையையோ இந்திக் கதையையோ தமிழாக்கம் செய்ய வேண்டுமானால் மூல ஆசிரியரின் இசைவு வேண்டும். செய்த தமிழாக்கத்தில் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமையும் உண்டு. இங்கே வந்து வேற்று மொழிகளைக் கற்று, மொழிபெயர்ப்பில் இறங்கியுள்ள நம் நண்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

இவற்றைச் சொன்னால் உடனே மறுமொழிகள் வருகின்றன. “நாங்கள் காசுக்கு விற்கவில்லையே” என்பது ஒன்று. விற்கவில்லை, உண்மைதான். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை எவன் விலை கொடுத்து வாங்குவான்? நீர் ஈட்டாமற் போனதால் அவர் இழக்காமற் போய்விடுவாரா? “எழுத்தாளர் பெயரைப் போட்டிருக்கிறோமே” என்பது இரண்டாவது. பெயர் போடுவது கடமை. அதுவே அனுமதி ஆகிவிடாது. எழுதியவர் என்று அறியப்படும் உரிமையும், தம் எழுத்தைத் தமக்கு இழுக்கு நேரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57 ஆம் பிரிவின்படி எழுத்தாளருக்குத் தனியே உண்டு. படி எடுக்கும் உரிமை வேறு. “தமிழ் பரவட்டுமே” என்பது மூன்றாவது. கேட்பதற்கு இனியதும் இதுவே. தமிழ் பரவ வேண்டுமானால் தமிழில் எழுதுபவர் வாழ வேண்டும். ஒரு பதிப்பில் சில நூறு படிகளே அச்சாகும் சூழ்நிலையில், ஒவ்வொரு படியும் அவருக்கு ஒரு பொருட்டு.

என் தளத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பை முழுவதும் வெளியிட விரும்பி, அதன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். தொகுப்பைத் தர இயலாது என்று விடை வந்தது. புத்தகக் காட்சியில் இன்னும் ஆண்டுதோறும் விலைபோவது அந்த ஒரு நூல்தான் என்று காரணமும் சொல்லியிருந்தார். ஆனால் அதில் ஒரு கதையைத் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பி, இதனைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். பழைய பதிப்பில் இருந்த இரண்டு அச்சுப் பிழைகளையும் திருத்தியிருந்தார். கேளாமல் எடுத்திருந்தால் பிழையோடு பன்னிரண்டு கதைகள் கிடைத்திருக்கும். கேட்டதால் பிழையற்ற ஒரு கதையும், எழுதியவரின் நல்லெண்ணமும் கிடைத்தன. எது பெரிது என்று நண்பர்களே முடிவு செய்யலாம்.

இவ்வாறு சொல்வதால், பதிப்புரிமை என்பது எவரும் நெருங்க முடியாத கோட்டை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். உரிமை ஒரு காலத்துக்கு உட்பட்டது; பொது நன்மைக்கும் கட்டுப்பட்டது. பாரதியாரின் கதையைப் பாருங்கள். 1921 இல் அவர் மறைந்தபின் அவர் எழுத்தின் உரிமை பல கைகள் மாறியது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் விலை பெறாமல் அதனை விட்டுக்கொடுத்தார். 1949 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது சென்னை அரசு உரிமையை ஏற்றது. 1955 இல் அது மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. அதன்பின் தமிழ்நாட்டு அரசு எழுத்தாளர் பலருடைய நூல்களை, மரபுரிமையர்க்குத் தொகை வழங்கி, நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. புதுமைப்பித்தனும் கல்கியும் அவ்வரிசையில் உள்ளவர்கள். அந்நூல்கள் பலவற்றை இன்று விக்கிமூலத்தில் எவரும் படிக்கலாம், எடுக்கலாம்.

வங்கத்தில் நடந்தது வேறு. இரவீந்திரநாத் தாகூர் 1941 இல் மறைந்தார். அந்நாளில் உரிமைக் காலம் 50 ஆண்டுகளே. 1991 இறுதியில் அது முடிய வேண்டும். உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. காலம் முடியும் தறுவாயில் மத்திய அரசு அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்து, 1992 இல் அதனை நிலையான சட்டமாக்கி, 50 ஆண்டை 60 ஆக்கியது. இந்த நீட்டிப்பு தாகூருக்கு மட்டும் அன்று. நாட்டின் எல்லா எழுத்தாளர்க்கும் பொருந்தியது. ஒரு கவிஞனின் மீது கொண்ட அன்பினால் ஓர் அரசு கதவைத் திறந்தது; மற்றொரு கவிஞனின் மீது கொண்ட அன்பினால் மற்றோர் அரசு தாழ்ப்பாளைப் பத்தாண்டு நீட்டியது. உரிமையின் எல்லையை மனிதரே வகுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவர் சார்பாகவே ஒரு வழக்கும் முடிந்திருக்கிறது. 2012 இல் வெளிநாட்டுப் பெரும் பதிப்பகங்கள் மூன்று, டெல்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் அவ்வளாகத்திலிருந்த இராமேசுவரி நகல் கடையின்மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்து நகல் எடுத்துக் கொடுத்தது உரிமை மீறல் என்பது அவர்கள் வாதம். 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. ஆசிரியரும் மாணவரும் கல்வியின் பொருட்டுப் படி எடுத்துக்கொள்வதைச் சட்டமே அனுமதிக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஆகவே, நூலை ஆராய்ந்து எழுதுங்கால் சில வரிகளை எடுத்துக்காட்டலாம். நாமே படிப்பதற்குக் குறிப்பு எடுக்கலாம். திறனாய்வுக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் விட்ட வழி அகலமானதே. ஆனால் வகுப்பறைக்கு விட்ட வழியில் ஒரு நாவலையே ஏற்றி உலகத்தின் நடுவில் இறக்கிவைக்க முடியாது.

இனிப் படிப்பவர் பக்கம் வருவோம். இப்பக்கத்தைப் பற்றி நம்மவர் பேசுவதே இல்லை. இலக்கியத் தளங்களின் அடிப்பகுதியைப் பார்த்தால், “அனைத்து உரிமைகளும் ஆசிரியருக்கே” என்று தவறாமல் எழுதியிருக்கும். தன் உரிமையைப் பறைசாற்றும் அந்தத் தளம், வந்தவரைப் பற்றி என்ன குறித்து வைக்கிறது என்பதை ஒரு வரியிலாவது சொல்கிறதா? பெரும்பாலும் இல்லை. தளம் நடத்துபவர்க்கே அது தெரியாது என்பதுதான் இதில் வியப்பு.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அத்தளம் இருக்கும் சர்வர் என்னும் கணிப்பொறி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. உங்கள் இணைப்பின் ஐ.பி. எண், வந்த நேரம், திறந்த பக்கம், எந்த உலாவியில் திறந்தீர்கள் என்பன அதில் இருக்கும். இது இயந்திரத்தின் இயல்பு. பழுது பார்க்கவும் தாக்குதலைத் தடுக்கவும் ஓரளவு தேவையும்கூட. ஆனால் பலர் இதோடு நிற்பதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று அறியும் ஆசையில், பெரிய நிறுவனம் ஒன்றின் வருகைக் கணக்குக் கருவியை இலவசமாகப் பொருத்திக்கொள்கிறார்கள். அழகுக்காக ஒரு காணொளியைப் பதிக்கிறார்கள். பகிர்வதற்குப் பொத்தான் வைக்கிறார்கள். இவை ஒவ்வொன்றின் வழியாகவும் வாசகர் வந்த செய்தி மூன்றாம் கைக்குப் போகிறது. தமிழ் எழுத்துருவைக்கூட வேறு நிறுவனத்தின் கணிப்பொறியிலிருந்து வரவழைத்தால் இதே விளைவுதான். 2022 சனவரியில் செருமனியின் மியூனிக் நகர நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. கூகுளின் எழுத்துருவை அவ்வாறு வரவழைத்து, அதனால் வந்தவரின் ஐ.பி. எண்ணை அவர் இசைவின்றி அந்நிறுவனத்துக்குப் போகவிட்ட தளக்காரர், அவருக்கு 100 யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அது கூறியது. எழுத்துருக் கோப்பை நம் தளத்திலேயே வைத்துவிட்டால் தீர்ந்தது, அரைமணி வேலை.

“எங்கள் தளம் சிறியது, எங்களால் யாருக்கு என்ன தீங்கு?” என்று கேட்பார்கள். சிறியதாக இருப்பதுதான் இங்கே தீங்கு! இலட்சம் பேர் வந்துபோகும் தளத்தில் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடுவார். நாற்பது பேரே வரும் தளத்தில், அந்த நாற்பது பேரையும் நமக்குத் தெரியும். வடபுலத்து வளாகமொன்றில், தமிழில் அமைத்த கைப்பேசியில், இரவு பதினொரு மணிக்கு வந்தவர் யார் என்று ஊகிக்க ஒரு துப்பறியும் நிபுணர் தேவையா? சாதி மறுத்து மணந்தவர்களைப் பற்றிய கட்டுரையை அவர் நான்கு நாள் தொடர்ந்து படித்தார் என்று கணக்குக் கருவி காட்டுகிறது. அந்தச் செய்தி விடுதியில் பேச்சாகி, அவர் ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? இது கற்பனைதான், ஆனால் நடக்க முடியாத கற்பனை அன்று. மனச்சோர்வைப் பற்றியும், கடவுள் மறுப்பைப் பற்றியும், வீட்டார் ஏற்காத காதலைப் பற்றியும் தனிமையில் படித்துத் தெளிவு பெறவே ஓர் இளைஞர் இலக்கியத்தை நாடுகிறார். அவர் தோளுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்ப்பது எவ்வகைப் பண்பாடு?

நூலகத்தை நினைத்துப் பாருங்கள். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்து, பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர் எஸ். ஆர். இரங்கநாதன். பூட்டிய அலமாரியைத் திறந்து, வாசகர் தாமே நூலைத் தேடி எடுக்கும்படி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அத்தகைய திறந்த அலமாரியின் முன்னே நாம் ஒரு நூலை எடுத்து, நாலு பக்கம் புரட்டி, வைத்துவிட்டு வரலாம். எடுத்தோம் என்பதற்கும் வைத்தோம் என்பதற்கும் சுவடு இல்லை. நம் தளம் ஒரு சிறு நூலகம் என்றால், அந்த உரிமையையாவது வாசகருக்கு விட்டுவைக்க வேண்டாமா?

சட்டமும் இத்திசையில்தான் நகர்கிறது. அந்தரங்கம் அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகளிற் பெரும்பகுதி அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமென வகுத்தார்கள். ஒருவர் தம் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. நம் தளம் அவ்விலக்கில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். சட்டம் விலக்கினாலும் மனச்சான்று விலக்காது அன்றோ?

ஆகவே தளம் நடத்தும் நண்பர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. பிறர் எழுத்தை இடுமுன் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். வந்த விடையைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று கீழே குறியுங்கள். நாட்டுடைமையான நூலாயின் அதனையும் சொல்லுங்கள். எழுதியவர் வேண்டாமென்றால் அன்றே நீக்கிவிடுங்கள். உங்கள் சொந்த எழுத்தை, பெயர் குறித்து எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட மனமிருந்தால் அதனைத் தெளிவாக எழுதிவையுங்கள். அதற்கென்றே கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது அனுமதி முறை இருக்கிறது. வருகைக் கணக்குக் கருவியைக் கழற்றுங்கள். சர்வர் பதிவேட்டைச் சில நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். கருத்து எழுதுபவரிடம் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் கேட்காதீர்கள், புனைபெயர் போதும். இவ்வளவையும் செய்தபின், “இங்கே என்ன குறித்து வைக்கிறோம், எத்தனை நாள் வைக்கிறோம், யாரிடம் கேட்கலாம்” என்று எளிய தமிழில் ஐந்து வரி எழுதி, உங்கள் பதிப்புரிமை அறிவிப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வேற்று நாட்டு நிறுவனத்தின் ஆங்கில அறிவிப்பைப் பெயர்த்து ஒட்ட வேண்டாம். அது நீங்கள் செய்யாதவற்றைச் சொல்லும், செய்பவற்றை மறைக்கும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாவிட்டால் ஊக்கம் குன்றாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் எண்ணிக்கையால் வரும் ஊக்கம் எண்ணிக்கை குறைந்த அன்றே போய்விடும். படித்தவர் தாமாக எழுதும் ஒரு கடிதம் அதைவிட நெடுநாள் நிற்கும். அக்கடிதத்தை அவர் விரும்பினால் எழுதுவார். விரும்பாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமற் போவார். அந்தச் சுதந்திரமும் வாசிப்பின் ஒரு பகுதியே.

நண்பர்களே! தமிழ் வளர்க்கப் பெரும் பொருள் தேவை, பெரிய அமைப்பு தேவை என்று சொல்லி நாம் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் போயிற்று. ஒரு மாணவரால் இன்று தம் அறையிலிருந்தே ஒரு நூலகத்தைத் திறக்க முடிகிறது. திறந்த நூலகத்துக்கு ஒழுங்கும் வேண்டும். எழுதியவரைக் கேட்டே எடுப்போம். படிப்பவரைக் கேளாமல் குறிக்க மாட்டோம் என்று நம் சங்கத்தார் நடத்தும் ஒவ்வொரு தளமும் உறுதி கொள்ளட்டும். வேலியிட்டுத் தன் பயிரைக் காப்பவன், அடுத்தவன் வேலியைத் தாண்டாதிருப்பதே அறம். அவ்வறத்தோடு நம் தளங்கள் பெருகுக.